இரண்டு அங்குலம்

கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்தான்:
விளிம்புக்கு ரெண்டு அங்குலம் கீழேயே தண்ணிய நிறுத்துங்க சார்,
இது எகிறும்.

யாரிடம் சொல்கிறான்.
இருபத்திரண்டு வருஷமாய்
நிறுத்து என்ற இடத்தில் ஆற்றை நிறுத்துகிற லஸ்கரிடம்.
சிரித்தபடி வாங்கி
பாலித்தீன் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு
மன்னார்குடியிலிருந்து கிளம்பினேன்.

நீடாமங்கலம் கேட் வழக்கம்போல் மூடியிருந்தது.
இன்ஜின் முன்னே போய், பின்னே வந்து,
எதையோ மறந்ததுபோல் மறுபடி முன்னே போனது.
முக்கால் மணி நேரம்
என் முழங்காலுக்கும் லாரி டயருக்கும் நடுவே
ஒரு தங்கக் கௌராமி
வெயிலைத் தின்றபடி தொங்கியது.

ஏ.இ. என்று பெயர் வைத்தது செங்கமலம்.
கண்ணாடி வரை வரும், உற்றுப் பார்க்கும்,
ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடும்.
'கையெழுத்து மட்டுந்தான் போடல' என்பாள்.
ஒன்றரை வருஷம்
எங்கள் குவார்ட்டர்ஸை ஒரு நாள் விடாமல்
மேற்பார்வை பார்த்தது.

ஐப்பசியில் ஓர் இரவு
தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
கடைசி வாளியை முழுசாய்க் கவிழ்க்கையில் போன்:
மேலே நல்ல மழை, வரத்து ஏறுது,
கோரையாத்து ஷட்டரை ஏத்து.
டார்ச்சை எடுத்தேன். சாவியை எடுத்தேன்.
கண்ணாடி மூடி
சுவரில் சாய்ந்தபடி நின்றது.

விடியும்வரை மழைக்குள் சக்கரம் சுற்றினேன்.
மூன்று ஆற்றிலும்
ஒரு சொட்டு கரை தாண்டவில்லை.

திரும்பும் வழியில்
பனையேறிக் கெண்டைகள் செவுளை ஊன்றி ஊன்றி
இந்த வயலிலிருந்து அந்த வயலுக்கு
தார்ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன.
வண்டியை ஒதுக்கி வழிவிட்டேன்.

வீட்டில் மோட்டார்
யாருமில்லாத தண்ணீரில் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது.

எறும்புதான் காட்டிக்கொடுத்தது.
தொட்டியிலிருந்து ஏழரை அடி.
பாத்ரூம் வாசற்படிக்கு ஒரு சாண் இருக்கையில்.
உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது,
வாஷர் மாற்றுங்கள் என்று அவள் சொல்லி ஒரு மாதம்.

அதுவும் காற்றைக் குடிக்கிற இனம்தான்,
ரோட்டில் போனவற்றுக்கு ஒருவகையில் சொந்தம்.
தரையில் கொஞ்சம் சேறு இருந்திருந்தால்
போய்ச் சேர்ந்திருக்கும்.
செங்கமலம் படுக்கப் போகுமுன்
நன்றாகத் துடைத்துவிட்டிருந்தாள்.

சத்தம் ஏதும் கேக்கலையா என்றேன்.
'தொப்புன்னு ஒண்ணு கேட்டுச்சு.
பல்லின்னு நெனச்சேன்.'
பிறகு அடுப்படிக்குப் போய்
வெகுநேரம் பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்பக்கம் காய்ந்து விறைத்திருந்தது.
தரையோடு ஒட்டிய பக்கம் மட்டும்
இன்னும் தங்கம்.
ஆத்துல விட்டுடுங்க என்றாள்.
ஷட்டரில் வந்து சிக்குகிற செத்ததையெல்லாம்
கொக்கி போட்டு இழுக்கிறவன் நான்.
முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

எட்டு மணிக்குப் பதிவேட்டில்
நீர்மட்டம் எழுதினேன், வெளியேற்றம் எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
தினம் எழுதுகிறதையே எழுதினேன்:
விசேஷம் இல்லை.

அன்று ராத்திரி ஒரு டம்ளரால் மொண்டு மொண்டு
தொட்டியில் இரண்டு அங்குலம் குறைத்தேன்.
மூடியை எடுத்து மூடினேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

பிறகு ஸ்பானரையும் புது வாஷரையும் எடுத்துக்கொண்டு
பாத்ரூமுக்குள் போனேன்.
'இருக்கட்டும்' என்றாள்
இருட்டுக்குள்ளிருந்து,
'சொட்டிட்டுப் போவுது.'