எழுபதாவது நிமிடம்

சிங்காரவேலின் மாமா பினாங்குக் கப்பலில் வந்து
நாகப்பட்டினத்தில் இறங்கியபோது
பெட்டிக்குள் தைலம், பிஸ்கட் டின், டார்ச் லைட்.
பெட்டிக்கு வெளியே கயிறு கட்டிய மூட்டை,
மூட்டைக்குள் பன்னிரண்டு பழைய சட்டை.
அரக்கு நிறம், வெள்ளைக் காலர், மணிக்கட்டு வரை கை.
கழுத்துப் பட்டியை எழுத்துக்கூட்டிப் படித்தோம்:
ஸ்காட்லாந்து.

பூகோள வாத்தியார் அட்லஸில் விரல் வைத்தார்.
இங்கிலாந்தின் தலைமாட்டில்
எலி கடித்த ஓரம்போல் ஒரு தேசம்.
"அங்க ஆடி மாசத்துலயும் கம்பளிதான்டா."
நாங்கள் போட்டது கத்திரி வெயிலில்.

உடம்பில் கம்பளி, காலில் ஒன்றுமில்லை.
பத்தே நிமிடத்தில் சாயம் வேர்வையோடு இறங்கி
வெள்ளை டிரவுசரில் வெற்றிலை துப்பியதுபோல் நிற்கும்.
திருத்துறைப்பூண்டி முழுக்க எங்களைக் 'காட்லாந்து' என்றது.
காட்டிலிருந்து வந்தவர்கள் என்று
பக்கத்து ஊரில் நினைத்துக்கொண்டார்கள்.

ரைட் அவுட் அலாவுதீன்,
ஆளைத் தாண்டியதும் ஒரு கணம் நின்று
ஏமாந்தவன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான்.
அதிலேயே பாதிப் பந்து போகும்.
சூசைராஜ் தலையால் முட்டினால்
பந்தின் லேஸ் அவன் நெற்றியில் வெள்ளிக்கிழமை வரை இருக்கும்.
ஒன்பதாம் நம்பர் நான்.
என் சட்டையின் வலது முழங்கையில்
நீல நூலால் யாரோ இழையோட்டியிருந்தார்கள்,
அரிசி அரிசியாக, அவசரமே இல்லாமல்.
விழுந்தவன் யார், தைத்தது யார்,
அன்று அங்கே மழையா?
பந்து வராத நேரங்களில் அதைத் தடவிக்கொண்டிருப்பேன்.

எழுபத்தெட்டோ, எழுபத்தொன்பதோ.
ஆனி மாத ஞாயிறு, தலைஞாயிறில் ஃபைனல்.
அரிச்சந்திரா ஆறு மணலாய்க் கிடந்தது,
அதன் கரையோரம் அறுத்த வயலும் புறம்போக்கும் சேர்ந்த மைதானம்.
அவர்களுக்குச் சாதா பனியன், முதுகில் தாரால் எழுதிய எண்.
கோலில் பக்கிரிசாமி.
கட்டுத் தூக்கிப் பழகிய கை,
பந்தை வாங்கினால் சத்தமே வராது.
கோல் கம்பத்தில் அவன் மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தது.
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

ஆளுக்குச் சைபர். எழுபதாவது நிமிடம்.
கரையிலிருந்து ஒரு குரல்:
"தண்ணி வந்துட்டு!"

மேட்டூர் திறந்து பதினெட்டு நாள்.
கூட்டத்தில் முக்கால்வாசி எழுந்து ஓடியது.
அவர்கள் பேக் இரண்டு பேரும் ஓடினார்கள்.
பக்கிரிசாமி என்னை ஒருமுறை பார்த்தான்,
என் காலடியில் இருந்த பந்தைப் பார்த்தான்,
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனான்.

நான் அடிக்கவில்லை, சத்தியமாக.
உள்ளங்காலால் உருட்டினேன்.
வலை கிடையாது. கோட்டைத் தாண்டிய பந்து
சரிவில் இறங்கி, வாய்க்காலில் விழுந்து,
சருகும் நுரையுமாய் வந்த புதுத் தண்ணீரில்
கிழக்கே மிதந்து போனது.

விதிப் புத்தகத்தில் தண்ணீரைப் பற்றி
ஒன்றும் இல்லை என்றார் ரெஃப்ரி.
கப்பை வாங்கிக்கொண்டு
கடைசி பஸ்ஸில் பேசாமல் வந்தோம்.
அதற்கப்புறம் அந்தப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்துவிட்டேன்.
ஆற்றுக்கு வைத்த பேரைப் பாருங்கள்.
பெயர்ப்பலகை வரும்போது
எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பேன்.

போன தை, வேதாரண்யத்தில் ஒரு கல்யாணம்.
பந்தியில் பக்கத்து இலை அவனுடையது.
ரசத்தைக் குழித்து ஊற்றிக்கொண்டு கேட்டான்:
"அந்த ஒம்போது நீதானே?"
நாற்பது வருஷமாய் எழுதித் திருத்தி வைத்திருந்த பதில்
தொண்டை வரை வந்தது.

"பந்து என் வயல்லதான் ஒதுங்கிச்சு," என்றான்.
"மூணாம் நாள் எடுத்தேன். ப்ளாடர் ஊறிப்போயிட்டு."
அப்பளத்தை நொறுக்கினான்.
"அது கெடக்கட்டும். அந்தக் கம்பளி
ஒனக்கு அரிக்கலயா?"

அரித்தது என்றேன்.
வலது முழங்கையில் மட்டும் அரிக்கவில்லை.