துப்

குன்னூர் ஏலக் கம்பெனியின் ருசி அறையில்
எனக்கு வேலை கோப்பை கழுவுவது.
வடக்கு ஜன்னல் ஓரம் நீளப் பலகை,
அறுபது கோப்பை, அறுபது மூடி,
ஒரு சின்னக் காசு எடைக்குத் தூள்.
மணல் கடிகாரம் தீரும்வரை
யாரும் இருமக்கூடக் கூடாது.

எம்ரிஸ் துரை கரண்டியால் உறிஞ்சுவார்,
ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கிற சத்தம்.
பிறகு பித்தளைத் தொட்டியில் பீய்ச்சுவார்.
சக்கரம் வைத்த அந்தத் தொட்டியை
அவர் பின்னாலேயே உருட்டிப் போவது போஜன்.
ஹாலன் கணக்கர் நோட்டில் எழுதுவார்:
சோகை. புகை. பச்சை வாடை. பரவாயில்லை.

சில கோப்பைக்கு மட்டும் துரை சொல்வது
துப்.

மற்ற துரைமார் நாக்கு அண்ணத்தில் தட்டும்.
இவர் நாக்கு பல்லைத் தொட்டு
தமிழாகவே விழுந்தது அந்தச் சொல்.
துப்பச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.
எடுத்துக்கொண்டால் செய்ய வேண்டாமா?
அவர் நகர்ந்ததும் அந்தக் கோப்பையில்
மிச்சத்தை ஒரு வாய் உறிஞ்சி
கழுவுதொட்டியில் துப்பினேன்.
மூன்று வருஷம். தினம் நாலைந்து முறை.
வேலையில் இதுவும் சேர்த்தி,
சம்பளத்தில்தான் சேர்க்கவில்லை என்றிருந்தேன்.

போஜன் பார்த்துச் சிரிப்பான்.
ஹாலன் பார்ப்பார், சிரிக்க மாட்டார்.
உறைபனியில் குழாய் அடைத்துக்கொண்ட ஒரு காலை
அவர்தான் சொன்னார்:
"செவனம்மா, அது நம்ம துப்பு இல்லை.
அவங்க வேல்ஸ் நாட்டுப் பேச்சு.
இங்கிலீஷ்காரனும் கடன் வாங்கிக்கிட்டான்.
மண்டு, மரமண்டைன்னு அர்த்தம்.
தூளைத்தான் திட்டுறாரு."

காது சுட்டது.
மண்டு மண்டு என்று ஒருத்தர் சொல்லச் சொல்ல
மண்டுபோல் துப்பியிருக்கிறேன்.
அன்றைக்கு இரண்டு மூடி உடைத்தேன்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஆனால் கற்றுக்கொண்டதை வாய் திருப்பித் தரவில்லை.
இலை மூட்டையிலேயே ராத்தங்கினால் ஒரு புளிப்பு.
ஈர விறகு எரித்திருந்தால்
தொண்டையில் கம்பளி.
அவசரத்தில் உலர்த்திய தூளுக்கு
ருசியே கிடையாது, சூடு மட்டும்.

மார்ச்சில் துரைக்குச் சளி.
மூக்கு பழுத்திருந்தது. ஒத்துக்கொள்ளாமல் உறிஞ்சினார்.
பதினேழாவது, கேத்திப் பக்கத்துத் தோட்டம்.
"பிரமாதம்."
ஹாலன் எழுதினார்.
பழக்கதோஷம், நானும் ஒரு வாய் எடுத்தேன்.
மண்ணெண்ணெய்.

என்னை யாரும் கேட்கவில்லை.
நாக்கைப் பல்லில் வைத்து
துப் என்றேன்.

தூளைத்தான் சொன்னேன்.
அவர் தன்னை என்று எடுத்துக்கொண்டார்.
மணல் தீர்ந்தது. யாரும் கவிழ்க்கவில்லை.
போஜன் தொட்டியைப் பிடித்தபடி
ஜன்னலில் மூடுபனியைப் பார்த்தான்.

ஹாலன் குனிந்து முகர்ந்தார்.
இன்னொரு முறை முகர்ந்தார்.
மூக்கு இருக்கிறவருக்கு அது போதும்.

துரை கேட்டார், உங்கள் பாஷையில் அதற்கு என்ன.
ஹாலன் கையைப் பிசைந்து இங்கிலீஷில் சொன்னார்:
எங்களிடம் துப்பு இருந்தால் கெட்டிக்காரன்,
இல்லாவிட்டால்தான் மண்டு, சார்.
எங்களிடம் இருந்தால் மண்டு என்றார் துரை.
சிரிப்பு வந்து, இருமல் வந்து,
கைக்குட்டையோடு வெளியே போனார்.

ஹாலன் பிரமாதத்தை அடித்துவிட்டு
பக்கத்தில் தமிழிலேயே எழுதினார், துப்.
ருசித்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு.
பேனாவை அதன்மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்து
அடுத்த வரிக்குப் போனார்.

மறுநாள் அறுபது கோப்பை,
ஐம்பத்தெட்டு மூடி.
பிடித்த காசுக்கு இன்னும் வாங்கவில்லை.