வடிகுழாய்

தோட்டப்பாளையம் லாட்ஜில்
விடியற்காலை நாலுக்குப் பாய்லர் மூட்டுவேன்.
வேலிக்கருவை. ஈரமென்றால் கொஞ்சம் டீசல்.
ஆறாம் நம்பர் நோர்பு அதற்குள் வந்து
பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பார்.
தவாங்க்காரர். மனைவிக்கு இதயத்தில் வால்வு.

பத்து நாளென்று வந்தவர்கள். மார்கழியாகிவிட்டது.
அவர் வீட்டுக்கு வெளியிலும் விறகு பாய்லராம்,
தண்ணீரோடு விட்டுவிட்டு வந்திருக்கிறார்.
தினமும் மச்சானுக்கு போன்.
புரியாத பேச்சில் "பாய்லர்" மட்டும் எனக்குத் தெரிந்த ஆள்.

"உறைந்தால் இரும்பு பிளந்துவிடும்" என்றார் இந்தியில்.
தண்ணீரா? இரும்பையா?
வேலூரில் நான் பார்த்ததில்லை.
லாரி வராத நாளில்
மாடிப்படியில் பிளக்கிற தொண்டைகள்தான்.

ஆபரேஷன் அன்று காலை தகவல் வந்தது:
பனியைத் தோண்டி வடிகுழாயைத் திறந்தாயிற்று,
கடைசிச் சொட்டுவரை.
என் தோளில் ஓங்கித் தட்டினார்.
பிறகு அந்த நாள் முழுக்க
ஆஸ்பத்திரி வராந்தாவில் அசையவில்லையாம்.

இரண்டு பேராகத்தான் ஆட்டோ ஏறினார்கள்.

பொங்கலுக்கு மூன்று நாள் குடியாத்தம் கிளம்புகையில்
தணலை அவித்து, சாம்பலை வாரி,
வடிகுழாயைத் திருகினேன்.
"இங்க என்னடா, ஐஸா விழப்போகுது?"
முதலாளி கத்தினார்.
ஆவி பறக்கச் சாக்கடைக்குப் போன தண்ணீர்
நிற்கும்வரை நின்றேன்.
பஸ் போயே போய்விட்டது.