இருபத்தொன்று

அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் இரவு
தடையை எடுத்ததும் லாரிகள் மொத்தமாய் நுழைந்தன
கீழமாரட் வீதிக்குள்.
ஆட்கள் பாதிப்பேர் ஆற்றிலிருந்தே திரும்பவில்லை.
மூன்று லாரி வெங்காயம். காற்றே இல்லாத சித்திரை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.
பெரியாஸ்பத்திரியில் என் மேசைக்கு முதலில் வந்தது
ஒரு கலர் பாட்டிலில் மூத்திரம்,
கடுங்காப்பி நிறத்தில்.
"மஞ்சக்காமாலதான் டாக்டரம்மா,
கீழாநெல்லி அரச்சுக் குடுத்துட்டேன்" என்றாள் ஒச்சம்மாள்.
சோணைமுத்துவின் இமையை இழுத்துப் பார்த்தேன்.
தூக்கமில்லாதவன் கண், சிவப்பு நரம்போடு.
மஞ்சள் இல்லை.
அங்கேயே கொஞ்சம் நின்றிருக்க வேண்டும் நான்.

ஒன்றரை மணிக்கு ரிப்போர்ட்.
பிலிரூபின் பூஜ்யம் புள்ளி எட்டு.
எஸ்ஜிஓடி ஆயிரத்து இருநூற்று அறுபது,
எஸ்ஜிபிடி முந்நூற்றுப் பத்து.
பித்தக்குழாய் அடைத்தால் ஏறுகிற ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்
தன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.
ஆல்புமின் நாலு. ஈரல் சமையலை நிறுத்தவில்லை.

முதல் எண் அடுத்த எண்ணின் இருமடங்கைத் தாண்டினால்
சாராயம் என்று சொல்.
கல்லூரியில் அதைப் பழமொழி போல மனப்பாடம் செய்தோம்.
பழமொழியில் ஒரு வசதி, யோசிக்க வேண்டாம்.

"குடிப்பீங்களா?"
"இல்லம்மா."
"உண்மையச் சொல்லுங்க."
"இல்லம்மா."

லோடுமேன். நாற்பத்தொரு வயது.
அந்த வார்டில், அந்த ஒரு வாரத்தில்,
எத்தனை 'இல்லம்மா' கேட்டிருப்பேன்.
எழுதினேன்: குடியினால் ஈரல் அழற்சி.
எழுதியதை ஒச்சம்மாளிடம் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
அவள் அழவில்லை.
"அப்ப சீட்டுப் பணம்?" என்று மட்டும் கேட்டாள்,
என்னையல்ல.
விடியுமுன் செக்கானூரணி பஸ் ஏறிவிட்டாள்.

ஜிஜிடி காலை ஏழுக்குத்தான் வந்தது.
இருபத்தொன்று.
குடிக்கிறவன் ரத்தத்தில் முதலில் வாய் திறக்கிற எண் அது.
திறக்கவேயில்லை.
அப்போதுதான் பழமொழியின் மறந்த பாதி வந்தது:
குடி எஸ்ஜிஓடியை முந்நூறு, மிஞ்சினால் நானூறு வரை இழுக்கும்.
ஆயிரம் அதன் வேலையில்லை.
அந்த நொதி ஈரலுக்கு மட்டும் பட்டா போட்டதுமில்லை,
தொடையில் இருக்கிறது, தோளில் இருக்கிறது.
போய் அவன் தொடையை அமுக்கினேன்.
பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்,
அப்படிக் கத்தினான்.

"எத்தன மூட்டை எறக்குனீங்க?"
"நூத்தம்பதுக்கு மேல எண்ணலம்மா."

சிகே நாற்பத்தெட்டாயிரம்.
உடைந்த தசை ரத்தத்தில் கரைந்து
சிறுநீரகத்தின் வாசலில் போய்க் குவிந்திருந்தது.
காமாலை என்று அவள் பிடித்துவந்த காப்பி நிறம்
அவன் தோளின் நிறம்.
கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது.
சலைன். இன்னொரு சலைன். சிஸ்டர் பிலோமினா
பை மாற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமலிருந்தார்.
நான்காம் நாள் இளநீர் நிறத்துக்கு வந்தது.

கேஸ் ஷீட்டில் என் வரியை ஒரே கோட்டில் அடித்தேன்.
விதி அப்படி. அழிக்கக் கூடாது,
அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்,
பக்கத்தில் கையெழுத்து, தேதி, மணி.
ஒரு கோடு, ஒரு நொடி.

செக்கானூரணிக்கு நானே போன் செய்தேன்.
இரண்டாம் முறை ஓர் ஆண் குரல், மைத்துனன்.
"நான் சொன்னது தப்பு" என்றேன்.
"குடியில்ல. வேல."

"இப்பிடிச் சொல்லச் சொல்லி
எவ்வளவு குடுத்தான்?" என்றான்.

அவன் பின்னால் ஒரு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
அது நிற்கட்டும் என்று
போனைப் பிடித்தபடி இருந்தேன்.