மைனஸ் பதினெட்டு

மழை விட்டும்
யீஷூன் புளோக்கின் கீழ்த்தளம் சொட்டிக்கொண்டிருக்கிறது.
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில்
என் மடிக்கணினி, ஐந்து நாற்காலி,
பொட்டலத்தில் ஆறிப்போன பரோட்டா.

ஹொக்கைடோ. எட்டு நாள். ஒரு கார்.
தலைக்கு ஆயிரத்து நானூறு வெள்ளி.
மேலே ஒரு காசு ஏறினாலும்
கேமரன் மலைக்குப் பஸ்தான் என்று
முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு மஹ்மூதா:
ரைஸ் குக்கர், எலுமிச்சை ஊறுகாய்,
மேகி முப்பது பாக்கெட்.
தங்குவதற்கு வெய் ஷான்:
ஒரே அறை போதுமாம், அவன் தரையில் படுப்பானாம்,
குறட்டைக்கு மட்டும் உத்தரவாதம் இல்லையாம்.
ஓட்டுவதற்கு இளம்பரிதி.

பனியில் ஓட்டியிருக்கியா என்றோம்.
ஏழு வருஷமா பனியைத்தானே ஓட்டுறேன் என்றான்.
உறைந்த மீன் ஏற்றும் லாரி.
முதுகுக்குப் பின்னால் மைனஸ் பதினெட்டு,
முகத்துக்கு நேரே உட்லண்ட்ஸ் வெயில்.

பாட்டுப் பட்டியல் நான் போடுறேன் என்று
தேவசகாயம் தானாகவே எடுத்துக்கொண்டான்.
செலவில்லாத ஒரே வேலை.

கணக்கு எனக்கு.
பனிச்சக்கரம் வாடகையில் சேர்த்தி,
சுங்கச்சாலை இல்லை.
பெட்ரோலை ஐந்தால் வகுத்து, மீதியை வெய் ஷான் தலையில் கட்டி
எல்லாம் செய்தாயிற்று.
ஆனாலும் வரவில் முந்நூறு வெள்ளி கூடுதலாக நிற்கிறது.
மூன்று நாளாக என் தப்பைத் தேடுகிறேன்.

கோட்டு ஒன்றுதான் இருக்கிறது.
மஹ்மூதாவின் நாத்தனார் கனடாவில் உடுத்தியது,
அந்துருண்டை வாசம்.
தாங்குமா என்று எப்படித் தெரியும்?
இளம்பரிதி சாவியை எடுத்தான்.

கார்ப்பேட்டையில் சரக்கில்லாத லாரி,
குளிர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
ஆளுக்குத் தொண்ணூறு விநாடி.
ஒருவர் உள்ளே போக, மற்றவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு
கைப்பேசியில் எண்ணினோம்.
மஹ்மூதா அறுபதிலேயே குதித்து இறங்கினாள்.
எனக்கு மூக்கு இருக்கிற இடம்
முதன்முறையாகச் சரியாகத் தெரிந்தது.

தேவசகாயம் கோட்டை வேண்டாமென்றான்.
சட்டையோடு ஏறி
வாயைத் திறந்தான்.
வெள்ளையாக ஒன்று வெளியே வந்து
விளக்கடியில் நின்று கலைந்தது.
முப்பத்தோரு வயசில்
தன் மூச்சைத் தானே பார்த்தவன்
இன்னொன்று விட்டான். இன்னொன்று.
நூற்றுப்பத்து, நூற்றிருபது, டேய் இறங்கு.

போதும்டா, எனக்கு இந்த ட்ரிப்பே போதும்
என்று சிரித்துக்கொண்டு இறங்கினான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவன் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கி
ஒரு மாதம் ஆயிற்று.
கடையில் இன்று சுடுதண்ணீர் மட்டும் கேட்டான்,
தொண்டை சரியில்லையாம்.

மேசைக்குத் திரும்புவதற்குள்
டிக்கெட் முப்பத்தெட்டு வெள்ளி ஏறியிருந்தது.

யாரும் பார்க்காதபோது
அவன் பெயருக்கு நேரே இருந்த காலிக் கட்டத்தைத் தொட்டேன்.
காலி இல்லை.
மேலே, சூத்திரம் தெரியும் பட்டையில், 300.
வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து.

எங்கள் ஐவருக்கும் திறக்கிற கோப்பு.
யார் மாற்றியது என்று அது சொல்லும்,
இரண்டு சொடுக்கில்.
நான் கேட்கவில்லை.
என் பூட்ஸ் வரியை அழித்துவிட்டு
முந்நூற்றுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி,
நூற்றைம்பது.
அதே வெள்ளை.

கோட்டை மடித்துக்கொண்டே வெய் ஷான்
மேகியை இருபதாகக் குறைக்கலாமே என்றான்.
முடியாது, என்றாள் மஹ்மூதா.
இளம்பரிதி என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு
மழையைப் பார்க்கிற மாதிரி
வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
மழைதான் எப்போதோ விட்டுவிட்டதே.