அங்குலக் கண்ணாடி

திருப்பூரில் பதினோரு வருசம்
துணி செக்கிங் மேசையில் நின்றவள்.
நின்றுகொண்டபோது
கணக்கு முடித்த பணத்தோடு
கைப்பையில் வந்துவிட்டது
நூல் எண்ணும் கண்ணாடி.
விரித்தால் ஓர் அங்குலச் சதுரம்,
மடித்தால் தீப்பெட்டி.

மூலனூருக்குத் தெற்கே
அறுபது சென்ட், குத்தகை, மிளகாய்.
நட்ட நாற்பதாம் நாள்
கொழுந்து முடங்கியது.

மருந்துக்கடை லோகசாமி
இலையைத் தொடவே இல்லை.
"இலைப்பேனுங்க, இத அடிச்சு உடுங்க."
சின்ன பாட்டில். ஆயிரத்து நானூற்றைம்பது.
"காய் வித்துக் குடுங்கோ, அவசரமில்ல."
அன்பான மனுசன். அதுதான் பயம்.

பாட்டிலை வைத்துவிட்டு வந்து
வரப்பில் குந்தி இலையைப் பார்த்தேன்.
பேன் உறிஞ்சிய இலை
மேலே சுருளும், பரிசல் மாதிரி.
இது கவிழ்த்துப் போட்ட பரிசல்.
காம்பு எலிவாலாய் நீண்டிருந்தது.

கண்ணாடிக்குள்
கண்ணாடி நிறத்தில் ஒரு பூச்சி.
பூச்சி என்பதும் தப்பு:
கால் எட்டு, சிலந்திக்குப் பங்காளி.
ஒன்று இன்னொன்றைச் சுமந்துகொண்டு
குடிமாறிப் போனது.
நடுவே விறுவிறுவென ஓடியது வேறு ஆள்,
இதைத் தின்கிற ஆள்,
கூலி கேட்காது.
பாட்டில் முதலில் கொல்வது
அதைத்தான்.

நனையும் கந்தகத்தூள் அரைக்கிலோ
தொண்ணூற்றைந்து ரூபாய்.
ஆனால் வேப்பெண்ணெய் அடித்துப்
பத்து நாள்தான் ஆகியிருந்தது.
எண்ணெய் காயாமல் கந்தகம் பட்டால்
இலை கருகிவிடும்.
இன்னும் ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளுக்கு
எந்தக் கடையிலும் பில் போடமாட்டார்கள்.
ராத்திரி டார்ச்சோடு எழுந்து போனேன்.
பக்கத்துத் தோட்டத்து வேலாத்தாள்
"மருந்தடிக்காம வேடிக்கையா பாக்கறே?" என்றாள்.
முடங்கிய நுனிகளைக் கிள்ளிச்
சாக்கில் கட்டி எரித்தேன்.
நாலு பாத்தி போச்சு.
நோட்டில் எழுதிவைத்தேன்,
அதுவும் செலவுதான்.

ஆறாம் நாள் வெயில் தாழ
லிட்டருக்கு மூன்று கிராம், பன்னிரண்டு டேங்க்,
மூக்கைத் திருப்பிப் பிடித்து
இலைக்கு அடியிலிருந்து மேலே.
முதுகெல்லாம்
தீபாவளிக்கு மறுநாள் தெரு நாற்றம்.

பத்து நாள் கழித்து
புதுக்கொழுந்தில் கண்ணாடி வைத்தேன்.
அங்குலத்துக்கு இரண்டு.
ஓடுகிற ஆள் ஒன்று.

கம்பெனியில்
இரண்டு பழுது வரைக்கும் பாஸ்.

போட்டேன்.