குசினிச் சுவரில் ஏழு யன்னல்

கறுவாத்தோட்டத்தில் ஒரு வீடு.
வாசல் வளைவில் சீமெந்தில் எழுதியிருக்கிறது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
அதை ஸ்மார்ட் வீடாக்கித் தரச் சொன்னார்
ஸ்காபரோவிலிருந்து அருட்பிரகாசம்.
முற்பணம் வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

நானும் இஸ்ஸதீனும் சுவரைக் கொத்தினோம்.
குசினியில், புகைக்கூட்டுக்குப் பக்கத்தில்,
பலகை அடித்து மூடிய இடத்தில்
ஒரு தேக்குப் பெட்டி.
முகப்பில் ஏழு சின்ன யன்னல்,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிவப்புத் தகடு.
மேலே துரை பொத்தானை அமர்த்தினால்
இங்கே மணியடித்துத் தகடு விழும்:
எந்த அறை என்று.
என்ன வேண்டும் என்பதை ஓடிப்போய்த்தான் கேட்க வேண்டும்.

நூல் சுற்றிய வயர் வீடு முழுக்க ஓடியிருந்தது
நான் இன்று இழுக்கிற அதே பாதையில்.

இருபது வருஷமாய் இந்தத் தொழில்.
தொடங்கும்போது எனக்குத் தெரிந்த ஒரே கெட்டிக்காரன்
தண்ணீர்த் தாங்கிக்குள் மிதந்த பந்து.
நிறைந்தால் தானே மூடும்.
ஒருவரும் அதைப் பாராட்டியதில்லை.
பிறகு இருட்டைக் கண்டால் எரிகிற கேற் லைட்.
மழைக்கு முந்திய இருட்டிலும் ஏமாந்து எரியும்.
பிறகு, முதலாம் குறுக்குத்தெருவில்
பேரம்பேசி வாங்கிய சீன ரிமோட்.
ஒருமுறை அமர்த்தினால்
பக்கத்து வீட்டுக் கேற்றும் சேர்ந்து திறக்கும்,
அந்த வீட்டு நாய்க்கு அதில் சந்தோஷம்.
இப்போது வீட்டின் மூளை
சிங்கப்பூரில் ஏதோ குளிரூட்டிய அறையில்.
கைக்கெட்டும் மின்குமிழ் எரிய
சொல் கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறது.

பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில்
வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுப் பூட்டு செத்துவிட்டது.
பதினான்கு மாடி ஏறினேன்.
விரலைக் காட்டி, முகத்தைக் காட்டி,
கடைசியில் கெஞ்சிக்கொண்டு நின்றார் வீட்டுக்காரர்.
ஒன்பது வோல்ட் பற்றரியைப் பூட்டின் அடியில் தொட்டேன்,
நாக்கில் வைத்துப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும்
அந்தச் சுள்ளென்ற உயிர்.
திறந்தது.
உள்ளே குளிர்பெட்டியில் மீன் நாறியது.

பெட்டிக்கு வருகிறேன்.
மூடியின் உள்பக்கம் பென்சில் எழுத்து.
ஏழு, ராவு பதினொண்ணு.
ஏழு, ரெண்டு மணி.
மூணு, விடிய.
ஏழு. ஏழு. ஏழு, நாலேகால்.
அடியில் ஒரு பெயர்: ராக்காயி.

“இது லொக் தானே அண்ணே,” என்றான் இஸ்ஸதீன்.
ஓம். நாங்கள் பூட்டப்போகும் பெட்டியும்
இதையே எழுதும்: எந்த அறை, எத்தனை மணி.
முப்பது நாளில் அழித்துக்கொள்ளவும் செய்யும்.
ஏழாம் அறையில் யாருக்குக் காய்ச்சலோ,
யாருக்குத் தூக்கம் வரவில்லையோ,
வேறு என்னவோ.
பென்சில் அவ்வளவுதான் சொன்னது.

சாதனத்துக்குப் பெயர் கேட்டது திரை,
கூப்பிட்டால் எழும்பும் பெயர்.
“ராக்காயி போடுவமா?” பகிடிதான் விட்டான்.
வேண்டாமடா. அவள் எழும்பினது போதும்.
கொம்பனி வைத்த பெயரையே விட்டேன்.
அதற்கு எங்கள் தமிழும் விளங்காது.
லைட்டை நூர் என்றால்
மன்னிப்புக் கேட்கும், இங்கிலீசில்.

ஆறே முக்காலுக்குப் பரீட்சை.
அங்கே அவருக்குக் காலைக் கோப்பி.
விரலால் தொட்டார். ஆளில்லாத ஹோலில்
சரவிளக்கு எரிந்தது.
“கள்ளன் பார்த்தால் ஆள் இருக்கெண்டு நினைப்பான், என்ன?”
கடவுச்சீட்டோடு போனவர்
கடவுச்சொல்லோடு திரும்பியிருக்கிறார்.

சுவரைப் பூச முன்
மேலே போய் ஏழாம் அறைப் பொத்தானைக் கழற்றினேன்.
பழைய வயர் இரண்டு. சட்டைப்பையில் பற்றரி.
சும்மா தொட்டுப் பார்த்தேன்.

கீழே குசினியிலிருந்து இஸ்ஸதீன் கத்தினான்:
“அண்ணே, ஏழு விழுந்திட்டுது! ஆர் கூப்பிடுறது?”

ஒருத்தருமில்லை என்றேன்.
வா, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்.